கட்டிலுகிட்ட ஒரே ஒரு பிளக்கு

ஹலோ... ஆங், கேக்குது மாமா... நான்தான், கயல்விழிதான். வேற யாரு எடுக்கப் போறா... இல்ல, அழுவல. குனிஞ்சிகிட்டு பேசுறேன், அதான் கொரலு அப்பிடி வருது. போன சார்ஜ்ல போட்டிருக்கேன், ஒயரு ஒரு முழம்தான். கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல குந்திகிட்டிருக்கேன். எழுந்து நின்னா புடுங்கிக்கும்.

...ஆமாமா, முழிச்சிதான் இருக்காரு ஒங்க தம்பி. பேசுறாரு. காலைல ரெண்டு இட்லி தின்னாரு... இல்ல மாமா, வீடியோ போட முடியாது... முடியாதுன்னா முடியாது, அதுல சார்ஜு சர்ருனு எறங்கிடுது. எட்டு பர்சண்டுதான் இருக்கு. மொதல்ல நான் சொல்றத கேளுங்க. மெசேஜு போட்டேனே, பாக்கலியா... குரூப்புல இல்ல, ஒங்களுக்குத் தனியாதான் போட்டேன். எல்லாரும் பாக்குற எடத்துல போடுற விஷயமா இது.

...சரி, கேளுங்க. காலைல நர்சு இலக்கியா ஒடம்பு தொடைக்க வந்துது. வந்த பொண்ணு அவரு இடது காலப் பாத்துட்டு அப்பிடியே நின்னுடுச்சி. வீங்கியிருக்கு. தொட்டா சுடுது... இல்ல மாமா, ஒடைஞ்சது வலது காலு. அதுக்குத்தான் வெளிய கம்பி மாட்டியிருக்காங்க. இது இடது காலு. நல்ல காலு... ஆமா, அடியே படாத காலு.

...ம். ராபர்ட் டாக்டரு ஒடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. முட்டிக்கு மேல, தொடையில போற பெரிய ரத்தக் குழாயில ரத்தம் கட்டி நிக்குதாம்... கட்டின்னா, ஒறைஞ்சி கெட்டியா. தயிரு மாதிரின்னு சொன்னாரு. அது அங்கேயே இருந்தா காலோட போச்சு. பிச்சிகிட்டு மேல போனா நெஞ்சுல போயி அடைச்சிக்கும். அடைச்சிகிச்சுன்னா... ஆமா. அவ்ளோதான். நிமிஷக் கணக்குதான்னு சொல்றாரு.

...அதுக்கு மருந்து இருக்கு மாமா. இல்லன்னு யாரு சொன்னா. ரத்தத்த ஒறைய விடாம பண்ற மருந்து. ஆனா தலையில அடிபட்டு உள்ள ரத்தம் கசிஞ்சி இருக்குல்ல, அந்த மருந்து போட்டா அது திருப்பிக் கசியலாம். தலைக்கு ரத்தம் ஒறையணும், காலுக்கு ஒறையக் கூடாது. மருந்துக்கு எது தலை எது காலுன்னு தெரியாதும்மான்னு சொல்றாரு டாக்டரு.

...அதான் மாமா நானும் கேட்டேன். போட்டா என்னா, போடலன்னா என்னான்னு. ரெண்டுலயும் உயிருக்கு ஆபத்து இருக்குங்கிறாரு. எதுல கம்மின்னு கேட்டேன். போடுறதுலதான் கம்மின்னு நான் நெனைக்கிறேன், ஆனா சத்தியம் பண்ணிக் குடுக்க முடியாதுன்னுட்டாரு. கையெழுத்து வேணுமாம். பதினொன்ற மணிக்கு ஆபரேசனுக்கு உள்ள போறாரு, போனா வர்றதுக்கு மூணு மணி ஆவும். அதுக்குள்ள சொல்லணும்.

...இப்ப பதினொண்ணு அஞ்சு.

...மாமா, பின்னால என்னா சத்தம் அது. ஆபீஸ்லயா இருக்கீங்க... யாரோ கூவுறாங்களே... சரி சரி, ரோட்டு மேல ஆபீசு, இருக்கும்.

...இல்ல, இன்னும் கையெழுத்து போடல. எப்பிடிப் போடுவேன். மொத நாளே நீங்க ரிசப்சன்ல நின்னு சொல்லிட்டுப் போனீங்களே, எதுன்னாலும் எனக்குத்தான் போன் பண்ணணும், அந்தப் பொம்பளகிட்ட எதுவும் கேக்காதீங்க, அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. பக்கத்துலதான் நின்னுகிட்டிருந்தேன். பாரத்துலயும் ஒங்க பேரு, ஒங்க நம்பருதான். காலைலேருந்து அவுங்க ஒங்களுக்கு நாலு தடவ அடிச்சிட்டாங்களாம், நீங்க எடுக்கல... என் போன மட்டும் எடுக்குறீங்க... டவரா. சரி.

...யாரு, ஒங்க பிரெண்டு மருமவனா. அவரு பல் டாக்டருதான மாமா... இல்ல, நக்கல் பண்ணல. அவரு என்னா சொல்றாரு... ம்... போடக் கூடாதுங்கிறாரா. தலையில ரத்தம் இருக்கறப்ப போடவே கூடாதுன்னு. சரி. கால்ல இருக்கிற கட்டிக்கு என்னா பண்றதாம்... அத அங்க இருக்கிற டாக்டரக் கேளுங்கன்னு சொன்னாரா. நல்லா இருக்கு.

...பாண்டிச்சேரிக்குக் கொண்டு போறதா. அதையும் கேட்டுட்டேன். வயித்துல இருக்கிற பெரிய குழாயில ஒரு வலை வைப்பாங்களாம், கட்டி மேல போவாம புடிச்சிக்கும். இங்க சிதம்பரத்துல வைக்க வசதி இல்ல. பாண்டி இல்லன்னா மெட்ராசு. ஆனா இவரத் தூக்கி வண்டியில போட்டு, அம்மாந்தூரம் ஆடிகிட்டுப் போறப்பவே கட்டி நகந்துச்சுன்னா வழியில ஒண்ணும் பண்ண முடியாதும்மாங்கிறாரு. போறதுன்னா போங்க, எழுதித் தர்றேன், தடுக்கலன்னாரு. ஒங்க கடலூர் ரோடுதான் ஒங்களுக்கே தெரியுமே, எங்க பாத்தாலும் வெட்டிப் போட்டிருக்கான்.

...இருங்க மாமா. அவரு கூப்புடுறாரு. என்னாங்க... இல்ல, முடியாது. தேய்க்கக் கூடாது... சொன்னேன்ல, தேய்க்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க... ஒங்கண்ணன்தான். ம், சொல்றேன்.

...இல்ல மாமா, காலு வலிக்குது, புடிச்சி வுடுங்கிறாரு. பத்தொம்போது வருஷத்துல ஒரு நாளு காலப் புடிச்சி வுடுன்னு கேட்டதில்ல அந்த மனுஷன். இப்ப கேக்குறாரு, தொடக்கூட கூடாது. தேச்சா கட்டி பிச்சிக்குமாம். கைய மடியில வச்சிகிட்டு குந்தியிருக்கேன்.

...தலை எப்பிடி இருக்குன்னா, காலைல திருப்பி தலைய ஸ்கேன் எடுத்தாங்க. மூணாவது தடவ. மொத நாளு எவ்ளோ இருந்துச்சோ அவ்ளோதான் இருக்கு, பெருசாவல. இன்னும் கொறையவும் இல்ல. மணிக்கு ஒரு தடவ எழுப்பி பேரு கேக்குறாங்க, ஊரு கேக்குறாங்க. எப்பிடி விழுந்தீங்கன்னா கரெக்டா சொல்றாரு. லால்பேட்டை தாண்டி ரோட்டுல பாதிய அடைச்சி நெல்லு காய வச்சிருந்தான், ஓரத்துல வச்ச கல்லு மேல வண்டிய வுட்டுட்டேன், ஹெல்மெட்டு ஹேண்டில்பார்ல தொங்குச்சுன்னு அதையும் அவரே சொல்றாரு. என்னக் காட்டி இது யாருன்னு கேட்டா 'செராக்ஸு'ங்கிறாரு. டாக்டரு பயந்துட்டாரு, மூள கொழம்பிடுச்சோன்னு. வீட்டுல அப்பிடித்தான் சார் கூப்புடுவாரு, நான் அண்ணாமலை நகர்ல செராக்ஸ் கடையில வேல பாக்குறேன்னு சொன்னப்புறந்தான் சிரிச்சாரு.

...ம்... ம்... கேக்குறேன் மாமா.

...நீங்க வர்ற வரைக்குமா. எப்ப வருவீங்க... மூணு மணிக்கா. மூணு மணின்னு நேத்தும் சொன்னீங்க. முந்தாநாளும் சொன்னீங்க... மேலதிகாரி வந்திருக்காரு, சரி. நான் ஒண்ணும் சொல்லல.

...ஐயோ அது எனக்குத் தெரியாதா. கையெழுத்து போட்டு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, கயல்விழி கையெழுத்து போட்டு கொன்னுட்டான்னு சொல்லுவாங்க. போடாம ஏதாச்சும் ஆச்சுன்னா, அவ கையெழுத்து போடாம கொன்னுட்டான்னு சொல்லுவாங்க. எந்தப் பக்கம் போனாலும் நான்தான். எனக்கு பயமா இருக்கு மாமா. பாத்ரூம் போனாக்கூட, போயிட்டு வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஆயிடுமோன்னு ஓடியாறேன்.

...என்னாது... யாரு மேல...

...இல்ல மாமா, அந்த நர்சுப் பொண்ணு மேல ஒண்ணும் தப்பில்ல... நல்ல காலுல எப்பிடி கட்டும்னா, படுத்தே கெடந்தா யாருக்கு வேணாலும் கட்டுமாம்... மிஷினு மாட்டித்தான் இருந்தாங்க, இன்னிக்கு ஸ்கேனுக்கு அப்புறந்தான் கழட்டுனாங்க... ஆமா, காலப் புடிச்சிப் புடிச்சி வுடுமே, காத்து ஏறி எறங்கும், அதுதான்... இல்ல, ஒழுங்காதான் மாட்டியிருந்துது... மாமா, கேளுங்க... வேணாம். ஆஸ்பத்திரி எம்டிய எல்லாம் பாக்க வேணாம். அந்தப் பொண்ணு வேலயே போயிடும். அதும் காட்டுமன்னார்கோயில்லேருந்து டவுன் பஸ்ல வந்துட்டுப் போற பொண்ணு... வேணாம்னு சொல்றேன்ல...

ஏன்னா அது பண்ணல மாமா. நான் பண்ணேன்.

...ஆமா. நான்தான்.

...சொல்றேன். கத்தாதீங்க, சொல்றேன். மூணு நாளா நம்ம வீட்டுல யாருகிட்டயும் சொல்லல, இப்ப சொல்லிடுறேன். ஐசியூலேருந்து இந்த வார்டுக்கு மாத்துனாங்கல்ல. கட்டிலுகிட்ட ரெண்டு பிளக்கு. ஒண்ணு எரிஞ்சி கருப்பா கெடக்குது. இன்னொண்ணுலதான் அந்த மிஷினு. தலையில ரத்தம் இருக்கறதால ஊசி போட முடியாது, ஊசிக்கு பதிலாதான் இந்த மிஷினு, ராவும் பகலும் ஓடணும்னு அந்தப் பொண்ணு சொல்லித்தான் மாட்டுச்சி. பிளக்கு மேல பிளாஸ்திரி கூட ஒட்டிட்டுப் போச்சு, யாரும் புடுங்கக் கூடாதுன்னு. நான் அத உரிச்சிட்டு, மிஷினப் புடுங்கிட்டு, போன சார்ஜு போட்டேன்.

...ஒரு தடவ இல்ல மாமா. ஒரு நாளைக்கு மூணு தடவ, நாலு தடவ. ஒரு மணி நேரம், ஒன்ற மணி நேரம். அந்தப் பொண்ணு செருப்பு சத்தம் கேட்டா டக்குனு மாத்தி சொருகிடுவேன். சத்தம் நின்னுதுன்னு அவரு ஒரு தடவ கேட்டாரு. ரெஸ்டு குடுக்கணுமாங்கன்னு பொய் சொன்னேன்.

...எதுக்குன்னா கேக்குறீங்க. மெய்யாலுமே எதுக்குன்னு கேக்குறீங்களா.

மொத நாளு போன் செத்துப் போயி நான் எடுக்கல. ஒன்ற மணி நேரம். அதுக்குள்ள நீங்க எத்தன பேருக்கு அடிச்சீங்க. புருஷன் சாவக் கெடக்குறப்ப போன ஆஃப் பண்ணிட்டு எங்க போனான்னு கேட்டீங்கல்ல. எங்கம்மாவுக்கே அடிச்சி கேட்டீங்க. எங்கம்மா அழுதுது மாமா. அன்னிக்கு சொன்னீங்க, இனிமே ரெண்டாவது ரிங்குல எடுக்கணும்னு. எடுத்தேன். நீங்க அரை மணிக்கு ஒரு தடவ அடிச்சீங்க, எடுத்தேன். வீடியோல மூஞ்சக் காட்டுன்னீங்க, காட்டுனேன். தூங்குற மனுஷன எழுப்பி கைய ஆட்டுங்கன்னு சொல்லி காட்டுனேன். பழைய போனு, ஒரு வீடியோவுக்கு இருவது பர்சண்டு போயிடும். வெளிய போயி சார்ஜு போடலாம்னா இவருகிட்ட யாரு இருக்கா.

...ஒங்க மேல பழி போடல. புடுங்குனது என் கைதான். நான்தான் பண்ணேன்.

...டாக்டருகிட்ட சொல்லிட்டேன். காலைல ஸ்கேன் ரிசல்ட்டு வந்த ஒடனே சொல்லிட்டேன்... ஒண்ணும் திட்டல. மிஷினு விடாம ஓடியிருந்தாலும் வந்திருக்கலாம்மா, நிறுத்துனதாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னாரு. திட்டியிருந்தாக்கூட தேவல.

...ம்.

...திட்டுங்க. திட்டுங்க மாமா, கேட்டுகிட்டுதான் இருக்கேன்.

...ம்.

...ம்.

...ஆமா. படிச்சவதான். ஆமா.

...முடிச்சிட்டீங்களா. மணி பதினொண்ணு இருவது. பாரம் என் மடியிலதான் இருக்கு. ரெண்டு பக்கம். தமிழ்லதான் இருக்கு, நாலு தடவ படிச்சிட்டேன். பதினோரு வருஷமா ஊரான் பேப்பர எல்லாம் காப்பி எடுக்குறேன், எதையும் இப்பிடி ஒரு எழுத்து விடாம படிச்சதில்ல. 'மருந்து செலுத்துவதால் மூளையில் மீண்டும் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரிழப்பு நேரிடலாம் என்பது எனக்கு விளக்கப்பட்டது.' இதுக்குக் கீழதான் போடணும்.

...கேளுங்க. டாக்டரு சொன்னதுல எனக்குப் புரிஞ்சது இது ஒண்ணுதான். ஊசியாப் போட மாட்டாங்களாம், கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்களாம். தலையில ஏதாச்சும் மாறுனா ஒளற ஆரம்பிப்பாரு, வாந்தி எடுப்பாரு, நமக்குத் தெரியும். ஒடனே நிறுத்தலாம், மாத்து மருந்தும் இருக்கு. அப்பவும் தப்பா போலாம், போவாதுன்னு சொல்லல. ஆனா கால்ல இருக்கிறது கெளம்புச்சுன்னா, நிறுத்துன்னு யாருகிட்ட போயி சொல்றது...

...மாமா... ஹலோ, மாமா... லைன்ல இருக்கீங்களா...

...அங்க யாரு கூவுறாங்க. 'சிதம்பரம் சிதம்பரம்'னு கேக்குது எனக்கு. நல்லா கேக்குது. இது மூணாவது பஸ்ஸு, நானும் பேச ஆரம்பிச்சதுலேருந்து கேட்டுகிட்டே இருக்கேன். நீங்க ஆபீஸ்ல இல்ல. கடலூர் பஸ் ஸ்டாண்டுல இருக்கீங்க.

...எப்பலேருந்து... எட்டரைலேருந்தா.

...நேத்துமா.

...ஐயோ மாமா.

...இல்ல, கோவமில்ல. சொல்லுங்க... ம்... எனக்குத் தெரியும். ஒங்கப்பா ஆபரேசனுக்கு நீங்கதான் கையெழுத்து போட்டீங்க. காரியத்தன்னிக்கே ஒங்க சித்தப்பா பந்தியில குந்திகிட்டு, பெரியவன் கையெழுத்து போட்டு அனுப்பி வச்சிட்டான்னாரு. நான் சாம்பாரு ஊத்திகிட்டிருந்தேன். நீங்க எலைய மூடிட்டு எழுந்து போனீங்க. பாத்தேன்.

...அழுவாதீங்க. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாப்பாங்க... ஒங்களால வர முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்னா சொல்லப் போறேன். மூணு நாளா போன்ல அடிச்சி அடிச்சி... சரி, வுடுங்க. ரெண்டு பேரும்தான் பயந்து கெடந்திருக்கோம்.

...இல்ல. நீங்க சொல்ல வேணாம். போடுன்னும் சொல்ல வேணாம், போடாதன்னும் சொல்ல வேணாம். சொன்னா அப்புறம் அதையும் நீங்கதான் சொமக்கணும்... லைன்லயே இருங்க.

இலக்கியா... பேனா குடும்மா... எங்க, இங்கியா... தேதி என்னா இன்னிக்கு... இந்தா. டாக்டரு போயிடலல்ல... சொல்லிடு, மனைவி போட்டிருக்காங்கன்னு சொல்லிடு.

...போட்டுட்டேன் மாமா.

...ம். கயல்விழி இளவரசுன்னு எழுதறதுக்குள்ள ரெண்டு எழுத்து கோணிகிச்சி.

...சரி, எது நிக்குதோ அதுல ஏறுங்க. ஒக்கார எடம் இல்லன்னு அடுத்ததுக்கு நிக்காதீங்க. கையெழுத்துக்கு நீங்க வர வேணாம், அது முடிஞ்சிடுச்சி. நான் ஒரு மணி நேரம் கண்ண மூடணும், அதுக்கு வாங்க... ஏறிட்டீங்களா... படியிலயா. புடிச்சிக்கங்க.

...இருங்க, மருந்து மிஷினு எடுத்தாந்துட்டாங்க. சின்னதா ஒரு பொட்டி, அதுல ஊசி மாட்டியிருக்கு. அது தானா ஏத்துமாம்... என்னாம்மா... ஆங். ஆங், தெரியுதும்மா. எடுக்குறேன்.

...பிளக்கு கேக்குது மாமா. போனப் புடுங்குறேன்.

...ம், புடுங்கிட்டேன். ஒம்போது பர்சண்டுன்னு காட்டுது, நம்பாதீங்க, இப்ப விழும்... தோ, அஞ்சு... பச்ச லைட்டு எரியுது மாமா. ஓட ஆரம்பிச்சிடுச்சி. சத்தமே இல்ல. எழுந்து நின்னுட்டேன், முட்டி ரெண்டும் செத்துப் போச்சு.

...இருங்க, பேரு கேக்குறாங்க அவருகிட்ட... பேரு சொல்லிட்டாரு... ஊரு சொல்லிட்டாரு... இப்ப என்னக் காட்டி கேக்குறாங்க...

...செராக்ஸாம்.

...சிரிக்கிறீங்க நீங்க. எனக்கு இனிமே மணிக்கு ஒரு தடவ இந்த ஆளு செராக்ஸு செராக்ஸுன்னு சொல்லிகிட்டே இருக்கணும். கயல்விழின்னு ஒழுங்கா சொன்னா அன்னிக்குத்தான் பயப்படணும்.

...ரெண்டு பர்சண்டு. மாமா, குறுக்கப் பேசாம கேளுங்க. நீங்க வர்ற வரைக்கும் அடிச்சா எடுக்காது. ஊருல யாரு கேட்டாலும் நீங்களே பதிலு சொல்லிடுங்க. எங்கம்மாவுக்கும் சொல்லிடுங்க. நான் எங்கயும் போவல, கட்டிலுகிட்டதான் நிக்கிறேன். இந்தப் பிளக்குல இனிமே கை வைக்க மாட்டேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சுன்னா, மருந்து ஓடுதுன்னு நெனச்சிக்க